வடிகாலை யார் வெட்டுவது?

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனம். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அதில் ஒன்று. ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா, தண்ணீர் கல்லணைக்கு எப்போது வரும் என்று டீக்கடையில் பேச்சு ஓயாது, பாசன வாய்க்காலில் சின்ன அடைப்பு என்றால் ஊரே மண்வெட்டியோடு கிளம்பும். வயலில் நின்ற தண்ணீர் வெளியே போகிற வடிகாலை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து நட்ட சம்பா நாள் கணக்கில் முங்கிக் கிடக்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும், அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எதை வெட்டுவது?

அதனால் உளுந்து, பயறு எல்லாம் அறுத்து முடிந்ததும் கொஞ்சம் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வடிகாலில் இறங்கினோம். முதல் நாள் கூட்டம் அள்ளியது. குவார்ட்டர் பாட்டில், தெர்மாகோல் தட்டு, கல்யாண மண்டபத்துக் கேரி பேக், குழந்தைகளின் டயப்பர் என்று மூட்டை மூட்டையாக வந்தது, போட்டோவும் நன்றாக வந்தது. ஆனால் தண்ணீரை மறிப்பது குப்பையைவிட நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும்தான். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டால் வெயிலில் காய்ந்துவிடும். காட்டாமணக்கு அப்படியில்லை. ஆடு மாடு வாய் வைக்காது, அதனால்தான் ஒரு காலத்தில் வேலிக்கு வைத்தார்கள். அரிவாளால் வெட்டிச் சேற்றிலேயே விட்டால் துண்டு துண்டாக வேர் பிடித்து, விட்டதைவிட அடர்த்தியாக நிற்கும். தூரோடு தோண்டி, ஈரம் படாத இடத்தில் காயப்போட வேண்டும். முதுகு கழன்றுவிடும் வேலை, இரண்டாவது வாரமே பாதிப் பேரைக் காணோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். ஊர்ப் பக்கத்திலிருந்து என்றார்கள் பையன்கள். எதிர்த்த வயல்காரப் பெரியப்பா ஒருவர் கரையில் நின்று, “தம்பி, கீழேருந்து வாங்கப்பா. மேல சுத்தம் பண்ணிட்டு கீழ அடைச்சிருந்தா எல்லாத் தண்ணியும் என் வயல்லதான் ஏறும்” என்றார். சரிதானே! வடிகால் ஆற்றில் சேரும் இடத்திலிருந்தே மேல்நோக்கி வந்தோம்.

ஜேசிபி விட்டால் அரை நாளில் முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். ஆனால் டெல்டா மண் தட்டையானது, வாட்டமே கொஞ்சம்தான், ஒரு இடத்தில் கூடுதலாகப் பறித்துவிட்டால் அங்கே தண்ணீர் குட்டையாகத் தேங்குமே தவிர ஓடாது. எடுத்த மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டிவிட்டுப் போனால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். மட்டம் பார்க்கத் தெரிந்த ஆள் கூடவே நிற்பதாக இருந்தால் ஜேசிபி தாராளமாக வரட்டும்.

அப்புறம் பனை விதை. நடலாம், ஆனால் கரையின் வெளிப்பக்கம் நடுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பில் நெருக்கி நட்டுவிட்டால் பின்னால் தூர்வார வண்டி இறங்க வழி இருக்காது.

இப்போது பாக்கி இருப்பது ரோட்டுப் பாலத்துக்கு அடியில் அடைத்துக் கிடக்கும் குழாய்கள். அகலமான வடிகாலுக்கு அவ்வளவு சின்னக் குழாயை யார் போட்டார்களோ! மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், மழைக்குள் நடக்கும் என்று தோன்றவில்லை, அதனால் அடைப்பையாவது எடுத்துவிடுவோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் நீளமான மூங்கில் கழி இருந்தால் எடுத்து வாருங்கள். கையுறை எங்களிடம் இருக்கிறது. செருப்போடு வராதீர்கள், உள்ளே பாட்டில் சில்லு நிறைய, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.