சைக்ளரோடு வெளியூர் போகும்போது

வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி, வடித்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வயிற்று டயாலிசிஸ் செய்கிறவர்கள் வெளியூர் என்றதும் முதலில் யோசிப்பது மெஷினைப் பற்றி. இரவில் திரவத்தைத் தானாக நிரப்பி வடிக்கும் இந்த சைக்ளர் அவ்வளவு பெரிய பாரமில்லை, சக்கரம் வைத்த பெட்டிக்குள் அடங்கிவிடும். கணக்குப் போட வேண்டியது திரவத்துக்குத்தான்.

இரவில் 2 லிட்டர் வீதம் 5 சுற்று, காலையில் கடைசி நிரப்பல் 2 லிட்டர் என்றால் ஒரு இரவுக்கு 12 லிட்டர். ஒரு வாரத்துக்கு 84 லிட்டர். அட்டைப்பெட்டியைச் சேர்க்காமலே 84 கிலோவுக்கு மேல் வரும். ஆகவே போகிற இடத்துக்கே சப்ளை நிறுவனம் அனுப்பிவைக்க வேண்டும். நாட்டுக்குள் என்றால் சில வாரங்கள், வெளிநாடு என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே டயாலிசிஸ் நர்ஸிடம் தேதிகளையும் தங்கும் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். தேவைக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் தங்குமிடத்துக்கு போன் செய்து, பெட்டிகளின் மேலிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள்: எத்தனை பெட்டி, திரவத்தின் சர்க்கரை 1.5, 2.5, 4.25 இவற்றில் எந்த சதவீதம், பை எத்தனை லிட்டர், காலாவதித் தேதி என்ன. "பெட்டி வந்துவிட்டது" என்ற பதில் போதாது. ஒரு நிறுவனத்தின் பை இன்னொரு நிறுவன மெஷினின் கேசட்டில் (மெஷினுக்குள் மாட்டும் குழாய் செட்) பொருந்தாது என்பதால் பெயரையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

மெஷினை விமானத்தில் லக்கேஜில் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி, டாக்டர் கடிதத்தை மேலேயே வையுங்கள். அதே பையில் ஒரு கேசட் செட், மெஷின் இல்லாமல் கையால் மாற்றும் 2 லிட்டர் இரட்டைப் பை இரண்டு, மினி கேப் (குழாய் முனையை மூடும் சின்ன மூடி), கிளாம்ப், மாஸ்க், ஹேண்ட் சானிடைசர் இருக்கட்டும். பெட்டிகள் ஒரு நாள் தாமதமானாலும் சமாளிக்கலாம். நிரப்பும் அளவு, சுற்று எண்ணிக்கை, வயிற்றில் தங்கும் நேரம், கடைசி நிரப்பல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெஷினை மாற்ற நேர்ந்தால் அந்தத் தாளை வைத்துத்தான் புதிதாக செட் செய்ய முடியும்.

மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்டேஜைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் பின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் போதும். ஒரே வோல்டேஜ் என்றால் சரியான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், வெறும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

அறையில் மெஷின் கிட்டத்தட்ட படுக்கை மட்டத்தில் இருக்கட்டும். ரொம்ப மேலே, ரொம்பக் கீழே வைத்தால் வடியும்போது தகராறு செய்யும். டிரெய்ன் டியூப் பாத்ரூம் வரை எட்டாவிட்டால் எக்ஸ்டென்ஷன் அல்லது டிரெய்ன் பை வேண்டும். டியூப்பின் முனை தண்ணீருக்குள் மூழ்கக்கூடாது. இணைக்கும்போது ஜன்னலை மூடி, ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். கையால் மாற்றும் பையை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், ஓரிடத்தில் மட்டும் கொதித்து வயிற்றுக்குள் சுட்டுவிடும். வெந்நீரில் ஊறவைத்தாலோ பையின் வாயில் கிருமி சேரும். உலர்ந்த சூட்டில்தான் வைக்க வேண்டும்.

நடு இரவில் "வடியவில்லை" என்று அலாரம் அடித்தால் முதலில் டியூப் மடங்கியதா, உடம்புக்கு அடியில் சிக்கியதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால் மலச்சிக்கலைச் சந்தேகியுங்கள். பயணத்தில் இது ரொம்ப சகஜம்: குடல் நிறைந்து, வயிற்றில் பொருத்திய குழாயான கேத்தீட்டரை அழுத்தும், நுனியை இடம் மாற்றிவிடும். மலமிளக்கி கையோடு இருக்கட்டும், எது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வடியும் திரவத்தில் வெள்ளை நூல்போல வந்தால் அது ஃபைப்ரின் என்ற புரதம், குழாயை அடைக்கலாம். உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் சேர்ப்பது டாக்டர் சொன்னால் மட்டும்.

தினமும் காலையில் வடிந்த பைக்குப் பின்னால் அச்சிட்ட தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் மங்கினால், காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லாவிட்டாலும், அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மங்கல் பெரிடோனைட்டிஸின், அதாவது வயிற்று உறைத் தொற்றின், அறிகுறியாக இருக்கலாம்; அதில் சில மணி நேரம்கூட முக்கியம். அருகில் எந்த சென்டரில் வயிற்று டயாலிசிஸ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஊருக்குப் போகும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஐகோடெக்ஸ்ட்ரின் (வழக்கமான சர்க்கரைக்குப் பதில் வேறு பொருள் கலந்த டயாலிசிஸ் திரவம்) பயன்படுத்துகிறவர்கள் அதைப் பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்தே ஆக வேண்டும். சில வகை குளுக்கோமீட்டர்கள் அதைச் சர்க்கரை என்று தவறாகப் படித்து அளவை அதிகமாகக் காட்டும். விவரம் தெரியாத மருத்துவமனையில் அதை நம்பி இன்சுலின் போட்டுவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். "ஐகோடெக்ஸ்ட்ரின் உள்ளது, சர்க்கரையை லேபில் மட்டும் பாருங்கள்" என்று எழுதி, டயாலிசிஸ் சென்டரின் போன் நம்பரையும் கீழே சேர்த்துவிடுங்கள்.