தண்ணீர் தள்ளும் எண்ணெய்: ஒரு பட்டறை நாட்குறிப்பு

7 ஜனவரி 2024

இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் இன்று காலை கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த வால்வுக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. நீராவி எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கொடுக்கும் பித்தளை லூப்ரிகேட்டர் அது. நல்ல கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு வயிறு, அதன் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் நிற்கும் கண்ணாடிக் குழாய், மேலும் கீழுமாக நான்கு சிறு வால்வுகள். கடைக்காரர் அதைப் பித்தளை எடைக்கே கொடுத்தார்.

எங்கள் பட்டறையின் பின்கொட்டகையில் நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கும், சிலிண்டருக்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் ஸ்லைடு வால்வுக்கும் எண்ணெய் சேர்ப்பதுதான் எனக்குத் தீராத கவலையாக இருந்து வந்தது. நீராவிக் குழாயில் 4 பார் அழுத்தம் நிற்கும்போது திறந்த கிண்ணத்திலிருந்து எண்ணெய் உள்ளே இறங்காது. உள்ளே இருக்கும் நீராவிதான் எண்ணெயை வெளியே வீசும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, நீராவியை அடைத்து, எண்ணெயை ஊற்றி, மீண்டும் ஓட்டுவதே இதுவரை வழக்கம். அப்படி ஊற்றியதில் பாதி முதல் ஐந்து நிமிடத்திலேயே புகைபோக்கி வழியாகப் போய்விடும், அரை மணி நேரம் கழித்து ஸ்லைடு வால்வு வறண்டுபோய் முனகத் தொடங்கும். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

10 ஜனவரி 2024

இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறிய பிறகு எல்லா மரைகளும் கழன்றன. வயிற்றின் உள்ளே கல்லாய் இறுகியிருந்த கறுப்புக் கசடை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தேன். இரும்புக் கம்பி உள் குழாய்களைக் கீறிவிடும் என்பதால் பொறுமையாகவே செய்ய வேண்டியிருந்தது. கசடு போன பிறகுதான் இதன் அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

வயிற்றுக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று மேலிருந்து இறங்கி அடிமட்டத்தில் வாய் திறக்கிறது, மற்றொன்று உச்சியில் வாய் திறந்து கீழிறங்கி வெளியே சென்று கண்ணாடிக் குழாயின் அடியிலுள்ள ஊசித்துளையில் முடிகிறது. கொதிகலனிலிருந்து வரும் நீராவி உயரமான ஒரு மெல்லிய குழாயில் குளிர்ந்து தண்ணீராகி, முதல் குழாய் வழியே வயிற்றின் அடிக்கு வந்து சேர்கிறது. எண்ணெயைவிடக் கனமான அந்தத் தண்ணீர் அடியிலேயே தங்கி, மேலே நிற்கும் எண்ணெயை இன்னும் மேலே நெம்ப, உச்சியிலிருக்கும் இரண்டாவது குழாயின் வாய்க்குள் எண்ணெய் நுழைந்து, ஊசித்துளை வழியாகக் கண்ணாடிக்குள் சொட்டாக எழும்பி, நீராவிக் குழாயில் கலந்து சிலிண்டருக்குப் போகிறது. பம்பும் ஸ்பிரிங்கும் இல்லாமல், எண்ணெயைச் சேமித்து வைக்கும் பாத்திரமே அதை ஊட்டவும் செய்கிறது. உள்ளே வரும் தண்ணீரின் அளவும் வெளியே போகும் எண்ணெயின் அளவும் எப்போதும் ஒன்றே.

நீராவியைக் குளிரவைக்கும் குழாய் மட்டும் காணாமல் போயிருந்தது. ஃபிரிட்ஜ் வேலைக்கு விற்கும் செப்புக் குழாயில் ஒரு முழ உயரத்துக்கு நானே வளைத்துக்கொண்டேன்.

16 ஜனவரி 2024

மாட்டுப் பொங்கல் என்பதால் பட்டறை திறக்கவில்லை. மாலையில் அம்மா துளசி மாடத்தில் கண்ணாடி விளக்கு ஏற்றினார். கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் விட்டு, மிதக்கும் தக்கையில் திரி செருகி ஏற்றும் விளக்கு அது. சிறு வயதிலிருந்து பார்த்துவரும் விளக்குதான் என்றாலும், பித்தளை வயிற்றுக்குள் நடப்பதும் இதுவே என்று இன்றுதான் தோன்றியது. இங்கே தண்ணீர் எண்ணெயைத் தாங்குகிறது, அங்கே தாங்குவதோடு தள்ளவும் செய்கிறது.

தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் புரிய நேரம் பிடித்தது. வயிற்றின் நுழைவாயிலிலும் கொதிகலனின் 4 பார் அழுத்தம்தான், எண்ணெய் போய்ச் சேரும் குழாயிலும் அதே 4 பார்தான் என்றால் எதுவும் நகரக் கூடாது. நகர்த்துவது, குளிர்க்குழாயில் நிற்கும் ஒரு முழத் தண்ணீரின் எடை. 45 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 0.044 பார் அழுத்தம் தரும். 4 பாருக்கு எதிரே 4 பார் நின்று இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, மிஞ்சியிருக்கும் இந்தச் சிறு கூடுதல்தான் சொட்டை வெளியே அனுப்புகிறது.

நீராவியின் முதல் தலைமுறை ரயில் தொழிலாளர்களுக்கு இந்த வசதி இருந்ததில்லை. ஓடும் வண்டியில், இறக்கத்தில் நீராவியை அடைத்த நேரம் பார்த்து, ஃபயர்மேன் எஞ்சினின் பக்கப் பலகைமீது நடந்து முன்னால் சென்று, உருக்கிய மாட்டுக் கொழுப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். இங்கிலாந்தின் குரூ பணிமனையில் இருந்த ஜான் ராம்ஸ்பாட்டம், குளிர்ந்த நீராவியின் தண்ணீரைக் கொண்டே எண்ணெயை இடம்பெயர்க்கும் லூப்ரிகேட்டரை 1860-இல் கொண்டுவந்தார். பிஸ்டனைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் பிளவு வளையத்தைத் தந்தவரும் அவர்தான். அமெரிக்காவில் எலைஜா மெக்காய் தம் முதல் லூப்ரிகேட்டருக்கு 1872-இல் காப்புரிமை பெற்றார். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிய பெற்றோரின் மகனான அவர், எடின்பரோவில் பொறியியல் பயின்றுவிட்டு வந்தும், மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையும் எண்ணெய் ஊற்றும் வேலையும்தான் அவருக்குக் கொடுக்கப்பட்டன. எண்ணெய்க் கிண்ணத்தோடு அலைந்தவரின் கையிலிருந்தே அந்த அலைச்சலை ஒழிக்கும் கருவியும் வந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மீது பெரும் மரியாதை உண்டாகிறது.

21 ஜனவரி 2024

இன்று முதன்முறையாக நீராவி கொடுத்தோம். நிரப்பியது நீராவிச் சிலிண்டருக்கென்றே விற்கும் 460 தர எண்ணெய். தேன்போல் தடித்த இந்த எண்ணெயில் சிறிதளவு கொழுப்பு சேர்த்திருப்பார்கள். வெறும் கனிம எண்ணெயாக இருந்தால் ஈர நீராவி அதைச் சுவரிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும், கொழுப்பு கலந்தால் ஈரத்தின்மேலும் ஒட்டி நிற்கும்.

குளிர்க்குழாயில் தண்ணீர் சேரும்வரை கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு குளிர்க்குழாய்த் தண்ணீரை வயிற்றுக்குள் விடும் தண்ணீர் வால்வைத் திறந்து, ஊசித்துளையைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தினேன். கண்ணாடிக்குள் இருந்த தெளிந்த தண்ணீரின் அடியில், துளையின் வாயில் கரும்பச்சை நிறத்தில் ஏதோ புடைத்தது. அது மெல்ல வளர்ந்து, மிளகாகி, பிறகு பட்டாணியாகி, கழுத்து மெலிந்து அறுந்து, ஆடாமல் அசையாமல் நேராக மேலே மிதந்து போனது. “மாமா, சொட்டு மேலே போகுதுங்க!” என்று அக்கா மகன் கத்தினான். கீழே விழும் சொட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உண்மையிலேயே வியப்புதான்.

சொட்டு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. காற்றில் தொங்கும் எண்ணெய்ச் சொட்டை அதன் முழு எடையும் இழுத்து அறுக்கிறது. தண்ணீருக்குள்ளோ, தண்ணீரைவிட எண்ணெய் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இலேசானது என்பதால், சொட்டை மேலே இழுக்கும் விசை மிகச் சிறியது. துளையை விட்டு அறுபடும் அளவுக்கு அந்த விசை சேர, சொட்டு நன்றாகப் பருத்தாக வேண்டும். அளந்து பார்த்தோம், 11 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் வந்தது. பிஸ்டன் வளையங்கள் புதியவை என்பதால் நிமிடத்துக்கு 3 சொட்டு என்று வைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியும் ஸ்லைடு வால்விலிருந்து முனகல் எழவில்லை.

28 ஜனவரி 2024

இன்று ஒரு விபத்து நேர்ந்தது, அதற்கு நானே பொறுப்பு. குளிர்ந்த எண்ணெயை வயிற்றின் விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, எல்லா வால்வுகளையும் அடைத்த நிலையிலேயே கொதிகலனை மூட்டிவிட்டேன். சூடான நீராவிக் குழாயை ஒட்டி இருந்ததால் லூப்ரிகேட்டரும் சூடேறியது. எண்ணெய் 60 பாகை சூடேறினால் அதன் பருமன் நூற்றுக்கு நான்கு பங்குக்குமேல் பெருகும். இந்த 120 மில்லிலிட்டர் வயிற்றில் அது ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். அந்த 5 மில்லிலிட்டருக்குப் போக வழியில்லை. மூடியின் கேஸ்கட் பிய்த்துக்கொண்டு எண்ணெய் கூரை ஓடுவரை பீய்ச்சியது. அக்கா மகன் அந்த நேரத்தில் விறகு எடுக்க வெளியே போயிருந்தான். அவன் வழக்கமாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடமெல்லாம் எண்ணெய் தெறித்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இனி நிரப்பி மூடிய கையோடு தண்ணீர் வால்வைத் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்திருந்தால், பெருகும் எண்ணெய் அடியிலுள்ள தண்ணீரைக் குளிர்க்குழாய்க்குள் திருப்பித் தள்ளித் தனக்கு இடம் செய்துகொள்ளும். இதைப் பெயின்டால் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். கேஸ்கட்டுக்குப் பதிலாகச் செப்பு வாஷர் போட்டாயிற்று.

4 பிப்ரவரி 2024

எஞ்சினின் வேகத்தைக் குறைக்க நீராவி வால்வைப் பாதி அடைத்தால் சொட்டுகள் சங்கிலிபோல் தொடர்ந்து ஓடின. எண்ணெய் சேரும் இடத்தை நான் அந்த வால்வுக்கு அப்பால் வைத்திருந்ததே காரணம். அடைத்தவுடன் அங்கே அழுத்தம் விழுந்துவிட, ஒரு முழத் தண்ணீரின் எடை செய்ய வேண்டிய வேலையைக் கொதிகலனே செய்யத் தொடங்கிவிடுகிறது. இணைப்பை வால்வுக்கு முன்னால் மாற்றினேன். இப்போது வேகம் கூடினாலும் குறைந்தாலும் சொட்டு மாறுவதில்லை.

11 பிப்ரவரி 2024

இரண்டு ஞாயிறுகளாக நிரப்பாமலே ஓட்டியதில், இன்று நண்பகலில் கண்ணாடியில் சொட்டு நின்றது. துளை அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஊசி வால்வை இன்னும் திறந்தேன், ஒன்றும் எழவில்லை. வயிற்றை வடிக்கும் அடி வால்வைத் திறந்து பார்த்தபோது வந்ததெல்லாம் தண்ணீர். எண்ணெய் எப்போதோ தீர்ந்துவிட்டது. துளை அடைபடவே இல்லை. அதன் வழியே தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது, தண்ணீருக்குள் நுழையும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாததால் எங்களுக்கு அது புலப்படவில்லை.

துளசி மாடத்து விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் திரி தண்ணீரைத் தொட்டுச் சடசடத்து அணையும். அந்தச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து போவார். இந்தப் பாத்திரம் அப்படி எதுவும் சொல்வதில்லை. நிரம்பியிருக்கும்போதும் தீர்ந்த பின்னும் அதன் எடையும் சூடும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன.

14 பிப்ரவரி 2024

இதே முறை எவ்வளவு பெரிய அளவில் பயன்படுகிறது என்பதை இன்று இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகள் டீசல் தொட்டியின் அடியில் கடல்நீரை விட்டு எண்ணெயை மேலே எடுத்தன. தொட்டி எப்போதும் நிறைந்தே இருப்பதால் கடலின் அழுத்தம் அதன் மெல்லிய சுவரை நசுக்க முடியாது. ஆனால் டீசலின் இடத்தில் அதைவிடக் கனமான கடல்நீர் வந்து சேர்வதால், எரிபொருள் தீரத் தீரக் கப்பல் கனத்துக்கொண்டே போகும். எத்தனை தீர்ந்தது என்று கணக்கிட்டு வேறு தொட்டிகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றிச் சமன்செய்தாக வேண்டும். வடகடலில் 1976-இல் நிறுவப்பட்ட பிரென்ட் ஸ்பார் என்ற மிதக்கும் கிடங்கு 3 லட்சம் பீப்பாய் எண்ணெயைக் கடல்நீரின்மேல் வைத்திருந்தது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் அவசரகாலக் கையிருப்பு. டெக்சாசிலும் லூசியானாவிலும் நிலத்தடி உப்புப் பாறையைத் தண்ணீரால் கரைத்துக் குடைந்த குகைகளில் அவர்கள் கச்சா எண்ணெயை வைத்திருக்கிறார்கள். ஒரு குகை சராசரியாக 60 மீட்டர் விட்டமும் 750 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது. எண்ணெய் வேண்டும்போது குகையின் அடிக்கு நன்னீரைச் செலுத்துகிறார்கள், எண்ணெய் மேலே வந்துவிடுகிறது. அந்த நன்னீர் ஒவ்வொரு முறையும் சுவரின் உப்பைக் கொஞ்சம் கரைத்துக்கொள்வதால் குகை பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே ஒரு குகையை முழுவதும் காலிசெய்து நிரப்புவதைச் சில முறைகளுக்குமேல் செய்ய முடியாது. அங்கேயும் எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று அளந்துகொண்டேதான் வேலை செய்தாக வேண்டும்.

25 பிப்ரவரி 2024

எண்ணெய் எவ்வளவு தீர்ந்தது என்று அறிய நான் தேடிய அளவுகோல் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வந்த தண்ணீர்தான் வெளியே போன எண்ணெயின் கணக்கு. இன்று காலை வயிற்றில் துளித் தண்ணீர்கூட இல்லாமல் எண்ணெயால் நிரப்பி, நிமிடத்துக்கு 2 சொட்டு வைத்து, சரியாக 3 மணி நேரம் ஓட்டினோம். பிறகு நீராவியை அடைத்து, ஆறவிட்டு, அடி வால்வைத் திறந்து, வந்த தண்ணீரைப் பெரிய மருந்து சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தோம். 360 சொட்டுக்கு 33 மில்லிலிட்டர் எண்ணெய் போயிருக்க வேண்டும். தண்ணீர் 32-இல் நின்று, அதற்குமேல் எண்ணெய் எட்டிப் பார்த்தது. சூட்டில் உள்ளே வந்த தண்ணீர் ஆறும்போது சற்றே சுருங்கும் என்பதால் அந்த ஒரு மில்லிலிட்டர் வேறுபாடு எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

சிலிண்டர் மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். சுவர் முழுவதும் மெல்லிய பழுப்புப் படலம் ஒரே சீராகப் படிந்திருந்தது, வறண்ட இடம் ஒன்றும் தட்டுப்படவில்லை. அக்கா மகன் பட்டறை நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, ஓடிய நேரம், சொட்டு, வடித்த தண்ணீர் என்று தலைப்பிட்டு, முதல் வரியில் 3, 360, 32 என்று எழுதினான்.