வயதான குதிரையின் குளம்புகள்

இராமநாதபுரம் கடற்கரையில் பணிபுரியும் கால்நடை மருத்துவருக்கு அன்றாட வேலை ஆடு மாடுகளோடுதான். குதிரை எப்போதாவதுதான் சிகிச்சைக்கு வரும். இராமேசுவரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற குதிரை வண்டிகளின் இடத்தை ஆட்டோக்கள் பிடித்துக்கொண்ட பிறகு, இப்பகுதியில் நான் பார்க்கும் குதிரைகளில் பெரும்பாலானவை வயது முதிர்ந்தவை. விற்க மனம் வராத குடும்பங்களில் வீட்டு உறுப்பினரைப் போல வாழ்பவை. அவற்றுக்கு வரும் நோய்களில் நான் மிகவும் அஞ்சுவது லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியைத்தான்.

குளம்பின் சுவருக்கும் அதனுள் இருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 550 முதல் 600 வரையிலான மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. குதிரையின் எடை முழுவதையும் தாங்குவது இந்தப் பிணைப்புதான். நகமும் சதையுமாக ஒட்டியிருக்க வேண்டிய இவை அழற்சியால் நெகிழும்போது, பின்புறத் தசைநார் இழுக்கும் இழுப்பில் எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்புகிறது. நோய் முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டே வெளியே வந்துவிடும். தானியத்தை அளவுக்கு மீறித் தின்றுவிடுவது, ஈன்ற பின் நஞ்சுக்கொடி தங்கிவிடுவது, ஒரு காலில் அடிபட்டதால் மறுகாலிலேயே நெடுநாள் எடையை ஊன்றி நிற்பது என இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வயதான குதிரைகளில் பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுவதுதான் காரணமாக இருக்கிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி முதுமையில் கட்டுப்பாடிழந்து மிகையாகச் சுரப்பது அதைத் தூண்டிவிடும் காரணங்களுள் ஒன்று. 15 வயதைக் கடந்த குதிரைகளில் இது அரிதன்று.

பாம்பன் பக்கத்தில் ஒரு பெரியவர் வளர்த்துவந்த வெள்ளைப் பெண்குதிரைக்கு இருந்தது இதுதான். இருபது வயதைத் தாண்டிய அந்தக் குதிரையின் உடலில், சித்திரை வெயிலிலும் உதிராத நீண்ட சுருள்முடி மண்டிக் கிடந்தது. முதுகுத் தசை வற்றி, வயிறு தொங்கி, விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன. இந்தத் தோற்றத்தைக் காணும் எவருக்கும் குதிரை பசியால் வாடுகிறது என்றே தோன்றும். பெரியவரும் அப்படியே எண்ணி, கொள்ளும் தவிடும் அரிசிக் கஞ்சியும் போதாதென்று தினமும் வெல்லம் ஊட்டிவந்தார். அது கார்த்திகை மாதம். மழை பெய்து தரையெங்கும் பச்சைப்புல் தழைத்திருந்தது. ஐயப்ப பக்தர்கள் வரும் காலமாதலால் வாழைப்பழத்துக்கும் குறைவில்லை. இன்சுலினை ஏற்றிவிடும் சர்க்கரையும் மாவுச்சத்தும் இப்படி எல்லாப் பக்கமிருந்தும் சேர்ந்தன.

நான் போனபோது குதிரை முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றிருந்தது. கணுவுக்குக் கீழே, பின்புறம் ஓரத்தில் விரல் வைத்தேன். நலமுள்ள குதிரைக்கு அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; இதற்கோ விரல் வைத்தவுடனே திம்திம் என்று தெறித்தது. குளம்பின் சுவரில் பழைய வளையங்கள் முன்புறம் நெருங்கியும் குதிப்பக்கம் விரிந்தும் ஓடின. இந்நோய் முன்பே ஓசையில்லாமல் வந்து போயிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இரத்தம் கட்டியிருக்கும், நடத்தினால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க முனைந்தார்கள். நெகிழ்ந்த பிணைப்பின் மேல் ஒவ்வொரு அடியும் ஒரு கிழிசல் என்பதால், அதை உறுதியாகத் தடுத்தேன்.

இதற்கான சிகிச்சைப் பொருள்கள் இந்தக் கடற்கரையில் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைப்பது எனக்குப் பெரிய ஆறுதல். நோயின் தொடக்க நாட்களில் குளம்பையும் கீழ்க்காலையும் விடாமல் குளிரவைக்க வேண்டும்; ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்காக உடைத்த ஐஸை வாங்கி, தொட்டிகளில் நீரோடு நிரப்பி, முன்னங்கால்களை அதற்குள் நிற்கவைத்தோம். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த நோய் வந்திருந்தால் அவ்வளவு ஐஸ் கிடைத்திருக்காது.) மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியின் தடித்த பலகையைக் குளம்பின் வடிவத்துக்கு மீன் கத்தியால் அறுத்து, உள்ளங்குளம்பில் வைத்து, அகன்ற ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டினோம். ஒரு நாளில் அது எடையால் அழுந்தி, குளம்பின் அச்சு அப்படியே பதிந்து, பாரத்தைப் பரப்பித் தாங்கிக்கொண்டது. தொழுவத்தில் ஆழமாக மணல் நிரப்பியதால், குதிரை தனக்கு வலி குறையும் கோணத்தில் முன்குளம்பைப் புதைத்து நிற்க முடிந்தது. வலிக்கு மருந்து கொடுத்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு சிறிதளவே திரும்பியிருந்தது.

இவை அனைத்தும் எளிது. கடினமானது தீனியை மாற்றுவது.

“டாக்டரம்மா, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு, எலும்பு தெரியுது. இந்த நேரத்துல வெல்லத்த நிறுத்துன்னா எப்படிம்மா மனசு வரும்?” என்றார் பெரியவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வயதான குதிரையைப் பட்டினி போடவும் கூடாது. திடீரென்று தீனி குறைந்தால், குறிப்பாகச் சிறு குதிரைகளில், இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். “ஐயா, வயிறு நிறையத்தான் கொடுக்கப் போறோம், இனிப்பும் மாவுச்சத்தும் மட்டும் வேண்டாம்” என்று சொல்லிக் கணக்கை விளக்கினேன். மெலிந்த குதிரைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 250 கிலோ எடையுள்ள அதற்கு நாளொன்றுக்கு 5 கிலோ காய்ந்த அருகம்புல். தேய்ந்த பற்களுக்கு ஏற்ப அதைச் சிறிதாக நறுக்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, கரைந்த சர்க்கரையோடு அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் எங்கள் வெக்கையில் புளித்துவிடும். குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் தினமும் அந்த நீரைக் கொட்டுவது எளிதன்று. பெரியவரின் மருமகள் அதை வீட்டுத் தென்னைக்குத் திருப்பிவிட்டார். சதை வைப்பதற்குக் கடலை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். கொள்ளு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. கஞ்சியும் வெல்லமும் பழமும் நின்றன. சுரப்பிக் கோளாற்றுக்குப் பெர்கோலைடு என்ற மருந்து உண்டு; அதைத் தேடி வாங்கி ஆயுள் முழுவதும் கொடுக்க எல்லோராலும் இயலாது என்பதால், தீனிக் கட்டுப்பாட்டையே முதல் மருந்தாகக் கருதுகிறேன்.

குதிரைக்கு இடும் தீனியைப் பற்றிய இந்தச் சிக்கல் இக்கரைக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கிய குதிரைகளுக்கு இறைச்சியோடு வெந்த சோறு போடப்பட்டதையும், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லாததையும், அவை ஏராளமாக மடிந்ததையும் குறிப்பிட்டிருக்கிறார். அவற்றுள் எத்தனை குளம்பு நொந்து வீழ்ந்தனவோ என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

லாடத்தைக் கழற்றிவிட்டு, நீண்டிருந்த முன்விளிம்பை ஐந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சீவிவந்தோம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும் என்பதால், மேலிருந்து புதுச்சுவர் இறங்கி முடிய ஓராண்டு வரை பிடிக்கும். எலும்பு உள்ளங்குளம்பைத் துளைத்தால், அல்லது மருந்துக்கும் அடங்காத வலியில் குதிரை எழவே மறுத்தால், வேதனையின்றி விடைகொடுப்பதே கருணை என்பதையும் தொடக்கத்திலேயே பெரியவரிடம் பேசிவைத்தேன். நெருக்கடி வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது இரு தரப்புக்கும் கொடுமை. அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, பிறகு தலையசைத்தார்.

அந்த நிலை இதுவரை வரவில்லை. குதிரை இனி வண்டி இழுக்காது. மணலில் மெல்ல நடக்கிறது. பெரியவரின் பேரன் காலையும் மாலையும் கணுவில் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். சற்றே துள்ளினாலும் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். ஐப்பசி மழைக்கு முன்பே புல்வெளிப் பக்கம் பழைய மீன்வலையால் வேலி போட்டாகிவிட்டது. குதிரை வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் அந்தப் பையனையே அழைத்துச் சென்று நாடி பார்க்கும் முறையைக் காட்டச் சொல்லிவருகிறேன்.