கழற்றிய ஸ்டார் ரப்பரை உடனே வீசாதீர்கள்

மோட்டாரையும் பம்பையும் இணைக்க லவ்ஜாய் வகை ஜா கப்ளிங் (பற்கள் கோத்துக்கொள்ளும் இரண்டு ஹப்கள், நடுவில் நட்சத்திர வடிவ ரப்பர்) போட்ட பம்ப் செட்டுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல், "ஸ்டார் ரப்பர் நிக்கவே மாட்டேங்குது" என்பதுதான். புதிய ஸ்பைடரை, அதாவது ஸ்டார் ரப்பரை, மாட்டும் முன் பழையதைத் திருப்பிப் பாருங்கள். அது எதனால் போனதென்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கப்ளிங்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றியதும் பேஸ் பிளேட்டில் கறுப்பு மாவு கொட்டிக் கிடந்தால் அலைன்மென்ட் (இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது) சரியில்லை. சுற்றுக்குச் சுற்று ரப்பர் அரைபட்டிருக்கிறது. மாவே இல்லாமல் ஸ்பைடரின் கால்கள் நசுங்கி மெலிந்திருந்தால் லோடு அதிகம், அல்லது கப்ளிங் சைஸ் போதவில்லை. கால்கள் பிய்ந்து வந்தால் திடீர் அடி: பம்ப் அடைத்துக்கொள்வது, அடிக்கடி ஸ்டார்ட் போடுவது. காய்ந்து வெடித்திருந்தால் சூடு. உப்பிக் கொழகொழத்திருந்தால் ஏதோ ரசாயனம் பட்டிருக்கிறது. யூரித்தேன் ஸ்பைடர் உள்ளுக்குள் உருகியிருந்தால் முறுக்கு அதிர்வு (ஷாஃப்ட் முன்னும் பின்னுமாக முறுக்கி அதிர்வது). டீசல் எஞ்சின் இருக்கும் இடத்தில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆறு கால் இருந்தாலும், ஒரே திசையில் ஓடும்போது மூன்றுதான் லோடு தாங்குகின்றன. அந்த மூன்றையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். புதியது 12 மி.மீ. இருந்து இப்போது 9 என்றால், அதாவது முக்கால் பங்காகிவிட்டால், மாற்றிவிட வேண்டும். ஸ்டோரில் ஸ்பேர் இல்லாத ராத்திரியில், ஸ்பைடரை ஒரு கால் தள்ளி மாட்டினால் தேயாத மூன்று கால்கள் லோடுக்கு வரும். காலையில் கடை திறக்கும்வரை ஓட்டிவிடலாம்.

மாற்றும்போது ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். டெலிவரி வால்வையும் மூடுங்கள். திரும்பி வரும் தண்ணீரே ஷாஃப்டைச் சுற்றிவிடும். ஹப் நிற்கும் இடத்தை ஷாஃப்டில் கோடு கிழித்துக்கொண்டு, ஹப்பை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வராவிட்டால் புல்லர் போடுங்கள். சுத்தியல் வேண்டாம். அந்த அடி மோட்டார் பேரிங்கின் குண்டுகள் வழியே ரேஸில் (குண்டு ஓடும் வளையத்தில்) பள்ளமாக விழும். பேரிங் சத்தம் பிறகுதான் வரும், யாரும் கப்ளிங்கோடு சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

ஹப் பற்களில் படி விழுந்திருந்தால் ஹப்பையும் மாற்றியாக வேண்டும். ஷாஃப்ட் முனை ஹப்பைத் தாண்டி நீண்டிருந்தால் நடுவில் துளையுள்ள ஸ்பைடர்தான் வாங்க வேண்டும். ஹப்களை இறுக்கி நெருக்காதீர்கள். ஸ்பைடர் முன்பின் சற்று அசைய வேண்டும். இல்லாவிட்டால் அந்த நெருக்கம் பேரிங் மேல் போகும். எல்090, எல்095 என்ற கப்ளிங் சைஸ்கள் இரண்டுக்கும் ஒரே ஸ்பைடர். எல்099, எல்100 இரண்டுக்கும் அப்படியே.

கறுப்பு நைட்ரைல் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எண்ணெய்க்கும் ஒத்துவரும். யூரித்தேன் லோடு கூடுதலாகத் தாங்கும், ஆனால் 70 டிகிரியோடு சரி. ஹைட்ரெல் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் 120 வரை போகும், நைட்ரைலைப்போல் மூன்று மடங்கு டார்க் (முறுக்கு விசை) எடுக்கும். கோண விலகலில் மட்டும் நைட்ரைலின் 1 டிகிரிக்குப் பதில் அரை டிகிரிதான் பொறுக்கும். அடிக்கடி போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு கெட்டியான ஸ்பைடருக்கு மாறுவது எனக்குச் சம்மதமில்லை. ரப்பர் வாங்கிக்கொண்ட அடியைப் பேரிங் வாங்க ஆரம்பிக்கும்.

அடுத்தது அலைன்மென்ட். கேட்லாக்கில் 0.38 மி.மீ. பக்க விலகல் தாங்கும் என்று போட்டிருப்பது கப்ளிங்கின் எல்லை, 1440 ஆர்.பி.எம்.மில் 0.05-க்குள் கொண்டுவரப் பாருங்கள். முதலில் மோட்டார் கால்கள். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தும்போது டயல் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) 0.05-க்கு மேல் எழுந்தால் அந்தக் காலுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வேண்டும். பிறகு டயல் ஸ்டாண்டை பம்ப் ஹப்பில் கட்டி, முள்ளை மோட்டார் ஹப்பின் மேல் வைத்து, உச்சியில் பூஜ்யமாக்கி, இரண்டு ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றுங்கள். அடியில் பிளஸ் 0.20 காட்டினால் மோட்டார் 0.10 தாழ்ந்திருக்கிறது. காட்டுவதில் பாதிதான் உண்மையான விலகல். இதை மறந்து 0.20 ஷிம் வைத்துவிட்டு மறுபடி கழற்றுகிறவர்கள் ஏராளம். கோணம் சரியாக இருந்தால் நான்கு காலுக்கும் 0.10 ஷிம் போதும். மெல்லிய ஷிம்களை ஏழெட்டாக அடுக்காதீர்கள், ஸ்பிரிங் மாதிரி ஆடும். போல்ட் இறுக்கியதும் டயலை மறுபடி பார்க்க வேண்டும்; இறுக்கும்போதே மோட்டார் நகரும்.

பேஸ் பிளேட்டைத் துடைத்துவிட்டு, கார்டைப் போட்டு ஓட்டுங்கள். இந்தக் கப்ளிங்கில் ரப்பர் முழுக்கப் போனாலும் இரும்பும் இரும்பும் மோதியபடி பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடகடவென்ற சத்தத்துக்காகக் காத்திராமல், ஒரு வாரம் கழித்து மெஷினை நிறுத்திக் கார்டுக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் டயலை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.