நாற்பதுக்கு அறுபது

அண்ணா நகரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடி வீட்டை அலங்கரித்துக்கொண்டிருந்த உள்ளலங்கார நிபுணர், என் புகைப்படம் ஒன்றின் பெரிய பிரதிக்கு விலை கேட்டு, "தோராயமாகச் சொல்லுங்கள் சார், போதும்" என்றார். நானும் தோராயமாகவே 25,000 ரூபாய் என்றேன். அவர் பேரமே பேசவில்லை. வியாபாரம் தெரிந்தவனுக்கு அந்த இடத்திலேயே வயிற்றைக் கலக்கியிருக்கும். எனக்குக் கலக்கவில்லை.

பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவன் நான். அந்தத் தொழிலில் விலை சொல்ல யோசிக்கவே வேண்டாம். இத்தனை நாள், இத்தனை கேமரா, ஆல்பத்துக்கு இத்தனை ஷீட் என்று வாய் தானாகச் சொல்லும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஊர் சுற்றி எனக்காக எடுக்கிற படங்களுக்கு அப்படி ஒரு கணக்கு என்னிடம் இருந்ததில்லை. அந்த வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டது மரக்காணம் உப்பளப் படம். மழை விட்ட ஒரு மார்கழி விடியலில் எடுத்தது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கும். பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடக்கும். அதை 12-க்கு 18 அங்குலத்தில், பிரேம் இல்லாமல், 3,000 ரூபாய் வீதம் எட்டுப் பேருக்கு விற்றிருந்தேன். இவர்கள் கேட்டது 40-க்கு 60.

பருத்திக் கூழில் செய்த கனமான தாளில், 44 அங்குல ரோலில், பிரிண்ட் அருமையாக வந்தது. கெடுத்தது என் கை. பெரிய தாளை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் தொட்டில் போலத் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும். நான் அவசரத்தில் ஒரு விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கினேன். பிடித்த இடத்துக்கு நாலு விரற்கடை உள்ளே, நகத்தால் கீறியது போல் பிறை வடிவில் ஒரு மடிப்பு விழுந்தது. அதுவும் சரியாக வானத்தில். மடிப்பை நீவிப் பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். எங்கே நின்றாலும் முதலில் அதுதான் கண்ணில் பட்டது. இன்னொரு 7,000 ரூபாய் கொடுத்து மறுபடி பிரிண்ட் போட்டேன்.

அடுத்த தவறு கண்ணாடி. தேவராஜ முதலி தெருவில் எனக்குப் பல வருடமாக பிரேம் போட்டுத் தரும் பாய், "இந்த அளவுக்கு அக்ரிலிக் போடுங்கள் தம்பி" என்று சொல்லத்தான் செய்தார். பணம் மிச்சம் என்று 4 மில்லிமீட்டர் கண்ணாடியே போதும் என்றேன். ஒன்றரைச் சதுர மீட்டர் கண்ணாடி அந்தத் தடிமனில் 15 கிலோவுக்கு மேல் வரும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் என்றால் ஐந்தரைக் கிலோதான். மரச்சட்டமும் பெட்டியும் சேர்ந்து லிஃப்டுக்குள் நுழையாத ஒரு பூதமாக அது உருவெடுத்தது. இரண்டு ஆட்கள் மூன்று மாடி சுமந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் என் உயிர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். இரண்டு பிரிண்ட் 14,000, பிரேமும் கண்ணாடியும் 9,500, பெட்டி 2,000, வண்டியும் ஆள் கூலியும் 2,500. மொத்தம் 28,000. ஒரு பணக்கார வீட்டுச் சுவருக்கு நான் 3,000 ரூபாய் மொய் எழுதியிருந்தேன்.

இனி முறையாக விலை வைக்க வேண்டும் என்று ஓவிய நண்பர்களைக் கேட்டேன். அவர்களில் பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மனை விற்பது போலத்தான், ஆனால் வாங்குகிறவரிடம் விளக்கச் சுலபமானது. சிறிய பிரதி 216 சதுர அங்குலம், பெரியது 2,400. பதினோரு மடங்கு. அப்படியானால் 33,000 ரூபாய். ஓவியருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்; ஒவ்வொரு அங்குலத்தையும் அவர் கையால் நிரப்புகிறார், ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. நான் நிரப்புவது என்ன? பொத்தானை அழுத்தியது ஒரே தடவை, அளவு எதுவாக இருந்தாலும்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிதாக்கிப் பார்க்கும் வரை. 24 மெகாபிக்சல் கேமராவின் படத்தை 60 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் மிஞ்சும். எட்டடி தள்ளி நின்று பார்க்க அது போதும். ஆனால் யாரும் தள்ளி நிற்பதில்லை. பெரிய படத்தைக் கண்டதும் நேராகப் போய் மூக்கை வைத்துப் பார்ப்பதுதான் மனித சுபாவம். சென்சாரில் ஒட்டியிருந்த தூசு, சிறிய பிரதியின் வானத்தில் கடுகளவு; யார் கண்ணிலும் பட்டதில்லை. பெரியதில் அது கொண்டைக்கடலை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வானத்தில் கடலை பொறுக்கினேன். அந்த வேலையைச் செய்யும்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. என்னிடம் இருந்த முப்பது நல்ல படங்களில் ஆறேழுதான் அந்த அளவைத் தாங்கும். மற்றவை பெரிதாகும்போது வெறும் பெரிதாகின்றன.

உறவினர் ஒருவர், ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் 2011-இல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போன செய்தியை எனக்கு வருடம் ஒருமுறையாவது அனுப்புவார். நீ ஏன் இப்படி விற்கக் கூடாது என்பது உட்பொருள். ஆறடி உயரம், பன்னிரண்டு அடி அகலமுள்ள படம்தான். ஆனால் அந்த விலையில் அளவுக்கு இருக்கும் பங்கு கொஞ்சம். அது ஆறே பிரதிகள் கொண்ட வரிசையில் ஒன்று. மற்றவற்றில் சில அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன.

பிரதி எண்ணிக்கை என்ற முள் என் காலில் ஏறியது அதற்குப் பிறகுதான். உப்பளப் படத்தின் சிறிய பிரதியை வாங்கியிருந்த, வங்கியில் ஓய்வு பெற்ற மாம்பலத்துக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெரிய அளவில் போட்டதைக் கேள்விப்பட்டிருந்தார். "சந்தோஷம் தம்பி. என்னிடம் இருப்பது எத்தனையாவது பிரதி?" என்றார். பதில் தெரியவில்லை. நான் எண்ணே போட்டதில்லை.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் நீதிமன்றமே கூட வேண்டியிருந்தது. புகைப்படக் கலைஞர் வில்லியம் எக்கிள்ஸ்டன் தம் பழைய வண்ணப் படங்கள் சிலவற்றை 2012-இல் 44-க்கு 60 அங்குல டிஜிட்டல் பிரதிகளாகப் புதிதாகப் போட்டு ஏலத்தில் விட்டார். 36 படங்கள் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. அவற்றில் சிலவற்றின் பழைய, சிறிய, எண்ணிக்கை வரையறுத்த பிரதிகளை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், என் பொருளின் மதிப்பைக் குறைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். அளவும் அச்சு முறையும் வேறு, எனவே அது புதிய வரிசை என்று 2013-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி சரிதான். ஆனால் வழக்குப் போட்டவர் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. எனக்கு மாம்பலத்தில் ஒரு முகம் தெரியும், அதனால் இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உணவு மேசையில் துண்டு விரித்து, படத்தைக் குப்புறப் போட்டு, பிரேமின் பின்னட்டையை மெல்ல எடுத்தோம். தாளின் பின்புறம் 3/8 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய ரசீதுகளைத் தேடித் தேதி பார்த்துக் கண்டுபிடித்த எண் அது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு காபி வந்தது. மற்ற ஏழு பேரையும் இதே மாதிரிப் பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. சிறிய அளவு எட்டோடு நின்றுவிட்டது. பெரியது ஐந்தே ஐந்து என்று முடிவு செய்து, நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் மையால் எழுதிவைத்தேன். அண்ணா நகர் வீட்டில் இருப்பது 1/5.

மிச்சம் நாலு. அப்போது ஒரு காட்சிக்கூடத்திலிருந்து கேட்டார்கள். விற்பதில் பாதி அவர்களுக்கு. முதலில் கொள்ளை என்று தோன்றியது. சுவர், விளக்கு, வருகிறவர்களை எதிர்கொள்ளும் பொறுமை இவையெல்லாம் என்னிடம் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அக்ரிலிக் போட்டு, தாளைக் கெடுக்காமல் செய்தால் என் செலவு 26,000. விலை 85,000 என்றால் கைக்கு வரும் 42,500-இல் 16,500 மிஞ்சும். இரண்டு, மூன்றாம் பிரதிகளுக்கு 85,000; நான்காவதுக்கு 1,10,000; கடைசிக்கு 1,50,000. குறையக் குறைய ஏறும். கூடத்தில் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வருகிறவருக்கும் அதே விலைதான். இதில் மட்டும் வளைந்தால் மறுநாளே கூடத்துக்குத் தெரிந்துவிடும், பழைய வாடிக்கையாளருக்கும் தெரிந்துவிடும். "காகிதம்தானே மாமா" என்று என் அக்கா மகனே கேட்டான். அவனுக்கு வேறொரு படத்தைச் சின்னதாகப் போட்டுச் சும்மாவே கொடுத்தேன். விலையைக் குறைப்பதைவிட இலவசமாகக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

இரண்டாம் பிரதியை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். வழக்கம்போல் வேலையை முடித்து, மூலைகளில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் கட்டத் தொடங்கினார். "எவ்வளவுக்குப் போகிறது தம்பி?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். சணல் கயிறு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை உருவி எடுத்துப் போட்டுவிட்டு, பரணிலிருந்து தெர்மோகோல் பட்டைகளை இறக்கி நாலு மூலைக்கும் அளவாக வெட்டினார். தூக்க வந்த பையனை நகரச் சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டு வண்டி வரை வந்தார்.

மூன்றாம் பிரதிக்கான பில்லில் பிரேம் கூலி 500 ரூபாய் கூடியிருந்தது. நான் பேரம் பேசவில்லை.