சும்மா நிற்கும் சர்வரில் 2.00

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் சர்வர்களை எல்லாம் அதே குடும்பத்தின் 9-ஆம் பதிப்புக்கு மாற்றினோம். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் 3.10-இலிருந்து 5.14-க்கு ஒரே தாவல். பெரும்பாலானவை சத்தமில்லாமல் மாறிவிட்டன. எடை மேடைகளோடு பேசும் சர்வர் மட்டும் அன்றிரவே அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

இரவு ஷிப்டில் இருந்த தம்பி போனில் சொன்னது இதுதான்: "அண்ணா, லாரி ஒண்ணும் வரலைங்க. மெஷின் சும்மாதான் நிக்குது. ஆனா லோடு ரெண்டுலயே நிக்குதுங்க."

லோடு ஆவரேஜ் என்பது சர்வரில் சராசரியாக எத்தனை வேலைகள் நிலுவையில் இருக்கின்றன என்று காட்டும் எண். பழைய கெர்னலில் அதே சர்வர் இரவில் 0.05-ஐத் தாண்டாது. டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் சிபியூ 99 சதவீதம் ஓய்வு. டிஸ்க்கில் எழுத்து வாசிப்பு இல்லை. காற்றாடி வேகமும் சூடும் வழக்கம்போலத்தான். காலையில் ஆளாளுக்கு ஒரு யோசனை. அலாரத்தின் எல்லையை 3-க்கு ஏற்றிவிடலாம் என்றார் ஒருவர். பழைய கெர்னலுக்கே திரும்பலாம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன சிஸ்டத்துக்குத் திரும்புவது எப்படிச் சரியாகும்? எல்லையை ஏற்றுவது அதைவிட மோசம். காரணம் தெரியாமல் ஏற்றிய எல்லைக்குக் கீழே நாளைக்கு உண்மையான கோளாறு ஒளிந்துகொள்ளும். அப்புறம் நடு ராத்திரியில் தனியாக நிற்கும் தம்பி எதை நம்புவான்?

லோடு ஆவரேஜைப் பலரும் சிபியூவின் சுமை என்றே படிக்கிறார்கள். லினக்ஸில் அது அதுமட்டும் இல்லை. ஓடுகிறவை, ஓடக் காத்திருக்கிறவை, இவற்றோடு டிஸ்க் போன்ற ஏதோ ஒன்றுக்காகக் காத்து, எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவையும் கணக்கில் சேரும். பிஎஸ் கட்டளை தரும் பட்டியலில் 'டி' என்று காட்டுவது இந்த மூன்றாவது வகையைத்தான். 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் அனுப்பிய ஒரு திருத்தத்தோடு இது லினக்ஸுக்குள் வந்தது. நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் டிஸ்க்கில் வேகமானதை எடுத்துவிட்டு மந்தமானதை வைத்தால் கணினி தவிக்கிறது, ஆனால் லோடு எண் குறைகிறது, இது முறையா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. இந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து 2017-இல் எழுதிய கணினி வேக ஆய்வாளர் பிரெண்டன் கிரெக்குக்கு என்னைப் போன்றவர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

எங்கள் சர்வரில் எனக்கு முதலில் உறுத்தியது எண்ணின் அளவு இல்லை, அதன் வடிவம். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று மூன்று சராசரிகள், மூன்றும் ஏறக்குறைய 2.00. உண்மையான வேலை இப்படி நடக்காது. ஏறும், இறங்கும், மூன்றும் மூன்று விதமாக இருக்கும். மூன்றும் ஒரே முழு எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால், அத்தனை த்ரெட்கள் (தனித்தனியாக ஓடும் வேலைகள்) அசையாமல் எங்கோ உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்வேன். 'டி' நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டச் சொன்னேன். சரியாக இரண்டு வந்தன. இரண்டுமே எடை மேடைகளை இணைக்கும் சீரியல் போர்ட் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள், உருவாக்கிய கெர்னல் த்ரெட்கள். கார்டுக்கு ஒன்று, கார்டுகள் இரண்டு.

கெர்னல் லாக்கிலும் அதே பெயர்கள் இருந்தன. 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்ற எச்சரிக்கை, சர்வர் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே வரிசையாகப் பத்து முறை வந்து நின்றுவிட்டது. அந்த எச்சரிக்கைக்கு இயல்பான உச்சவரம்பே 10 தான். அதன் பிறகு கெர்னல் வாய் திறக்காது. அதனால்தான் லாக்கின் கடைசிப் பக்கங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தென்படவில்லை.

சரி, பழைய கெர்னலில் ஏன் இது வரவில்லை? டிரைவரின் மூல நிரல் எங்களிடம் இருந்தது. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். பழையது, எடை மேடையிலிருந்து தரவு வரும் வரை சிக்னல் வந்தால் எழுந்துவிடும், லோடு கணக்கில் சேராத வகையில் தூங்கியது. அதற்கு அது பயன்படுத்திய பழைய ஃபங்ஷன் 3.15-இல் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. எனவே புதிய கெர்னலுக்காகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அப்போது எதற்கும் எழாத வகைக் காத்திருப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. லாரி வராத இரவில் த்ரெட் விடிய விடிய அதிலேயே கிடக்கும். வேலை எதுவும் கெடாது, எண் மட்டும் ஏறி நிற்கும். இத்தனைக்கும் இப்படிச் சும்மா காத்திருக்கும் கெர்னல் த்ரெட்களுக்காகவே, லோடு கணக்கில் சேராத ஒரு நிலை 2015-இல் வந்த கெர்னல் 4.2 முதல் இருக்கிறது.

எல்லா 'டி'யும் இப்படி அப்பாவி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெட்வொர்க் வழியே கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சர்வரின் இணைப்பு அறுந்தாலும், டிஸ்க் சாகக் கிடந்தாலும் இதே எழுத்துதான் வரும். அங்கே அது நிஜமான நோய். அதனால் பெயரைப் பார்க்காமல், எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்காமல், முடிவுக்கு வரவே கூடாது.

டிரைவர் தந்த நிறுவனத்துக்கு அந்த வரியைக் குறித்து எழுதினோம். மறுப்பு சொல்லாமல் திருத்தி அனுப்பினார்கள். லாரி வராத மதிய நேரம் பார்த்து டிரைவரைக் கழற்றி மாட்டினோம். ஒரு நிமிடத்தில் 1 நிமிட எண் 0.74-க்கு வந்தது, ஐந்து நிமிடத்தில் 0.01. 15 நிமிட எண் 0.74-ஐத் தொட கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. தம்பி திரையை விட்டு நகரவே இல்லை.

அலாரத்தின் எல்லையைத் தொடவில்லை. பதிலாக, 'டி' நிலையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருப்பவற்றின் பெயர்களையும் அலாரச் செய்தியிலேயே சேர்த்தோம். கெர்னல் 4.20-இலிருந்து இருக்கும் பிஎஸ்ஐ அளவையும் இயக்கினோம். சிபியூ, நினைவகம், டிஸ்க் ஒவ்வொன்றுக்காகவும் வேலைகள் எவ்வளவு நேரம் தடைபட்டன என்று அது தனித்தனியாகக் காட்டும். எங்கள் பதிப்பில் அது தானாக வேலை செய்யாது, சிஸ்டம் எழும்போது கெர்னலுக்குத் தரும் பூட் வரியில் சேர்த்தால்தான் உண்டு. அடுத்து மாற்ற வேண்டிய சர்வர்களின் பட்டியலில், வெளி டிரைவர் உள்ளவற்றுக்குப் பக்கத்தில் தம்பியே ஒரு குறி போட்டு வைத்திருக்கிறான்.