தப்படியில் ஒரு ஹார்ட் ரொக் ரிஃப்: இதுவரை வந்தது

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம், இப்போது சொந்தப் பாட்டு ஒன்று போகிறது. எங்கள் சத்தம் முழுக்க பிளாக் சபாத், லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ரொக் குழுக்களைக் கேட்டு வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களே அமெரிக்க புளூஸைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் மாசியில் காமன் கூத்தில் அடிக்கும் தப்பு என்ற தோல் பறையைக் கேட்டு வளர்ந்த நம்மிடம் அது ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று டிரம்ஸ் அடிக்கும் தம்பி கேட்டான், அங்கே ஆரம்பித்தது.

முடிந்த ரிஃப் ஒன்றின் மேல், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டின் மேல், தப்பை அடித்துப் பார்த்தோம். தப்பும், டிரம்ஸில் சுளீரென்று கேட்கும் ஸ்நேரும் ஒரே இடத்தில் சுளீர் என்று விழுந்து ஒன்றையொன்று மறைத்தன. அதோடு, எனக்கு இந்த மேலே தூவுகிற ஃபியூஷன் பிடிக்காது.

அப்புறம் 1975இல் வந்த லெட் செப்பலினின் 'காஷ்மீர்' பாட்டைத் திரும்பக் கேட்டேன். அதில் டிரம்ஸ் நாலு நாலாகப் போகும், கிட்டார் மூன்று மூன்றாகச் சுற்றும், பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்ததும் இரண்டும் சேர்ந்து விழும். சரி, தப்புச் சத்தத்தை விட்டுவிட்டு அதன் கணக்கை கிட்டாருக்குக் கொடுத்தால் என்ன? தம்பியின் பெரியப்பா தோட்டத்தில் தப்படிப்பவர். அவர் அடித்ததைப் போனில் பதிந்து கேட்டதில் ஓர் அடி ஆறு எண்ணிக்கையில் சுற்றியது. டிரம்ஸை நாலில் நிறுத்தி, ரிஃப்பை அந்த ஆறின் மேல் கட்டினேன்.

இங்கேதான் சிக்கல். ஆறு என்றால் நம் நாட்டில் பைலா ஆட்டப்பாட்டு! கொஞ்சம் வேகம் கூடினாலே கல்யாண வீட்டில் எல்லாரும் எழும்பி ஆடுகிற மாதிரி ஆகிவிடுகிறது, பேஸ் வாசிப்பவன் வேண்டுமென்றே இடுப்பை வேறு ஆட்டுவான். வேகத்தை நிமிடத்துக்கு 80 அடிக்குக் கீழே இறக்கினோம். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு மெதுவா அடிச்சா தோலு ஆறிப்போயிரும் தம்பி" என்றார். ஹட்டன் மூடுபனியில் அது வெறும் பகிடி இல்லை, நெருப்பில் காய்ச்சிய தோல் சீக்கிரமே தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடுகிறது.

மெதுவான ரிஃப்புக்குக் கனம் வேண்டும். பிளாக் சபாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்காம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். 1971இல் வந்த அவர்களின் மூன்றாவது அல்பத்தின் சில பாட்டுகளில் கிட்டாரை ஒன்றரைச் சுரம் இறக்கியிருக்கிறார், கம்பி தளர்ந்தால் அந்த விரல்களுக்கும் லேசு. நானும் அவ்வளவு இறக்கினேன், என் விரல்கள் சுகமாக இருப்பதால் தடித்த கம்பியே போட்டேன். கிட்டார் கீழ்ச் சுருதிக்குப் போனதும் மேல் சுருதியில் இடம் காலியானது, தப்புக்கு அந்த இடம் போதும்.

இப்போது தம்பி ஸ்நேரை விட்டு, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டொம்மில் ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய மூங்கில் குச்சி வைத்து அடிக்கிறான். தப்பு பாட்டின் கடைசிப் பகுதியில் மட்டும் வருகிறது, அங்கே வேகம் கூடுகிறது, பெரியப்பாவுக்கும் திருப்தி. நடுவில் வரும் கிட்டார் சோலோதான் இன்னும் வெறும் புளூஸாகவே கிடக்கிறது, அடுத்து அதைப் பிரிக்க வேண்டும்.